பெண் உறுப்புச் சிதைப்பு: சமூகங்கள் அறிந்ததும் நம்புவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண் உறுப்புச் சிதைப்பு என்றால் சரியாக என்ன?

மருத்துவத் தேவை எதுவும் இல்லாமல் ஒரு பெண்ணின் வெளிப்புறப் பிறப்புறுப்பை வெட்டுவது, கீறுவது, குத்துவது, சூடு வைப்பது, தைப்பது எல்லாமே இதில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. முதல் வகையில் கிளிட்டோரிஸின் (சிறுநீர்த் துளைக்கு மேலே உள்ள, உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பு) வெளியே தெரியும் நுனி, அல்லது அதை மூடியிருக்கும் தோல் மடிப்பு, அல்லது இரண்டும் வெட்டப்படும். இரண்டாம் வகையில் அதோடு பிறப்புறுப்பின் உள் உதடுகளும் போகும். மூன்றாம் வகையில் உதடுகளை வெட்டி, இரு பக்கத்தையும் ஒட்ட வைத்து அல்லது தைத்து, சிறுநீரும் மாதவிலக்கும் வெளியேற ஒரு சிறு துளையை மட்டும் விட்டுவைப்பார்கள். சோமாலியா, ஜிபூட்டி, எரித்ரியா, சூடான் ஆகிய நாடுகளில் இந்த மூன்றாம் வகை அதிகம். மற்ற எல்லாக் காயங்களும், ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது உட்பட, நான்காம் வகை.

"ஒரு சின்னக் கீறல்தானே, இதைப் போய்ச் சிதைப்பு என்கிறீர்களே?"

தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அதிகம் கேட்கும் கேள்வி இது. உண்மையான பதில் உடலமைப்பில் இருக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு அந்தத் தோல் மடிப்பு சில மில்லிமீட்டர்தான். அது அடியிலுள்ள நுனியோடு ஒட்டிக்கொண்டும் இருக்கும். "தோலை மட்டும்" எடுக்கிறேன் என்று பிளேடு பிடிப்பவர் எதை வெட்டினார் என்பது அவருக்கே தெரியாது. ஏழு வயதுப் பிள்ளையோ பயத்தில் காலை உதறும். இருவர் பிடித்தாலும் ஒரு கணத்தில் பிளேடு ஆழமாக இறங்கிவிடும். அந்த நுனிக்கு வரும் நரம்பில் 10,000க்கு மேற்பட்ட இழைகள் உண்டு. பக்கத்திலேயே ஓடும் ரத்தக்குழாய் அறுந்தால் ரத்தம் சுலபத்தில் நிற்காது.

வகை இரண்டு, மூன்றோடு ஒப்பிட்டால் நான்காம் வகையின் உடல் பாதிப்பு குறைவு என்பதை மறைக்கத் தேவையில்லை. சோமாலியாவில் நடப்பதையும் கொழும்பில் நடப்பதையும் ஒன்று என்று சொன்னால், கேட்கும் தாய் "எங்கள் வீட்டில் அப்படி இல்லையே" என்று அங்கேயே காதை மூடிக்கொள்வார். சம்மதம் சொல்ல முடியாத ஒரு குழந்தையின் உறுப்பில், எந்த நன்மையும் தராத காயம் என்பது இரண்டுக்கும் பொது. பேச்சை அங்கிருந்து தொடங்குவதே நேர்மை.

உலகில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது?

யுனிசெஃப் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி 23 கோடிக்கு மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும். ஆப்பிரிக்காவில் 14 கோடியே 40 லட்சம், ஆசியாவில் 8 கோடி, மத்தியக் கிழக்கில் 60 லட்சம். 2016இல் இதே அமைப்பு சொன்ன எண் 20 கோடி. பல நாடுகளில் வழக்கம் குறைந்துதான் வருகிறது. ஆனால் வழக்கம் உள்ள நாடுகளில் பிறப்பு எண்ணிக்கை கூடுவதால் மொத்தம் ஏறுகிறது.

நாட்டுக்கு நாடு வேறுபடுவது சரி, ஒரே நாட்டுக்குள்ளும் வேறுபடுமா?

நாட்டுச் சராசரியைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கென்யாவில் 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 21 சதவீதம் பேருக்குச் செய்யப்பட்டிருந்தது. 2022இல் அது 15 சதவீதம். ஆனால் 2014இன் எண்ணை இனவாரியாகப் பிரித்தால் சோமாலியரிடையே 94, சம்புருவில் 86, கிசியில் 84, மாசாயில் 78 சதவீதம். லுவோ, லுஹியா மக்களிடம் ஒரு சதவீதம்கூட இல்லை. கிசி மக்களும் லுவோ மக்களும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் வாழ்கிறார்கள். ஒரே அரசு, ஒரே சட்டம், பெரும்பாலும் ஒரே மதம்.

வயதும் அப்படித்தான். ஏமனில் பிறந்த முதல் வாரத்தில், எகிப்தில் பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள், ஷியா முஸ்லிம் பிரிவான தாவூதி போரா சமூகத்தில் ஏழு வயதை ஒட்டி, சியரா லியோனில் போண்டோ என்ற பெண்கள் சங்கத்தில் சேரும் சடங்கின்போது பருவ வயதில். இதை அறிந்துகொள்ளாமல் தடுப்பு வேலை தொடங்க முடியாது. ஏமனில் பள்ளியில் போய்ப் பேசிப் பயனில்லை, பிரசவ அறையில் பேச வேண்டும். எகிப்தில் தொடக்கப் பள்ளியின் கோடை விடுமுறைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

இது இஸ்லாமிய வழக்கமா?

குர்ஆனில் இது பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அத்திய்யா ஹதீஸைத் (நபிமொழி) தம் தொகுப்பில் பதிவு செய்த அபூ தாவூதே அது பலவீனமானது என்று குறித்திருக்கிறார். மத்ஹபுகளும் (இஸ்லாமியச் சட்ட மரபுகள்) ஒரே குரலில் பேசவில்லை. ஷாஃபி மத்ஹபில் கடமை என்ற கருத்து வலுவாக உண்டு. ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் அது கடமை அல்ல. ஷாஃபி வழியைப் பின்பற்றும் இந்தோனேசிய, மலேசிய, இலங்கை முஸ்லிம்களிடம் வழக்கம் இருப்பதும், ஹனஃபி வழி அதிகமுள்ள வட இந்தியாவின் சுன்னி முஸ்லிம்களிடம் பொதுவாக இல்லாததும் இதனால்தான். எகிப்தின் தலைமை முஃப்தி அலி கோமா 2007இல் இதை விலக்கப்பட்டது என்று அறிவித்தார். மின்யா பகுதியில் ஒரு சிறுமி இதற்கான சிகிச்சை மேசையிலேயே இறந்த பிறகு வந்த அறிவிப்பு அது.

இன்னொரு பக்கம், எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடமும், எத்தியோப்பியா, கென்யா, நைஜீரியா நாடுகளின் கிறிஸ்தவர்களிடமும் இது உண்டு. எத்தியோப்பிய யூதர்கள் செய்துவந்தார்கள். இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் விட்டுவிட்டார்கள். கொலம்பியாவின் எம்பெரா பழங்குடியில் இது நடப்பது 2007இல் ஒரு குழந்தையின் மரணத்தால் வெளியே தெரிந்தது. அவர்களுக்கும் இஸ்லாத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் ஒரு தாய் "மார்க்கத்தில் கடமை" என்று நம்பினால், அது மதமல்ல கலாச்சாரம் என்று வெளியாள் போய்ப் பாடம் நடத்துவது எடுபடாது. அவர் மதிக்கும் ஆலிம் (மார்க்க அறிஞர்) சொல்ல வேண்டும்.

தீங்கு தெரியாததால்தானே செய்கிறார்கள்? எடுத்துச் சொன்னால் விட்டுவிட மாட்டார்களா?

இந்த நம்பிக்கையில்தான் பல பத்தாண்டுகள் கழிந்தன. ரத்தப்போக்கு, ஏற்பு ஜன்னி (டெட்டனஸ்), பிரசவச் சிக்கல் என்று படம் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய், பிளேடை மாற்றிக்கொண்டார்கள், அல்லது நர்ஸைக் கூப்பிட்டார்கள், அல்லது வகை மூன்றிலிருந்து வகை ஒன்றுக்கு இறங்கினார்கள். நிறுத்தவில்லை.

காரணம், முடிவு அந்த ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் "செய்த" பெண்ணையே எடுக்கும் ஊரில், தன் மகளை மட்டும் விட்டுவைக்கும் தாய் அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் செய்துவிடுகிறாள் என்றுதான் ஊர் பார்க்கும். சோமாலியாவிலும் சூடானிலும் செய்யாத பெண்ணை வசைச் சொல்லால் கூப்பிடுவார்கள். சியரா லியோனில் போண்டோவில் சேராத பெண் வளர்ந்த பெண்ணாகவே எண்ணப்படமாட்டாள். ஊரோடு ஒத்துவாழ் என்பதன் கொடிய வடிவம் இது. தாய் மகளை வெறுப்பதால் அல்ல, அவள் எதிர்காலத்தை நினைத்துத்தான் செய்கிறாள். அதைப் புரிந்துகொள்ளாத பிரச்சாரம் அவளை அவமதிப்பதோடு நின்றுவிடும்.

ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் வழக்கம் உள்ள நாடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இது நிற்க வேண்டும் என்று கணக்கெடுப்பாளர்களிடம் சொல்கிறார்கள். மாலி, கினியா போன்ற சில நாடுகளில் மட்டும் ஆதரவு பாதிக்கு மேல். மனதுக்குள் எதிர்ப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் அதே எதிர்ப்பு இருக்கிறது என்பது தெரியாது, ஏனென்றால் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே "இது கெடுதல்" என்ற அறிவைவிட "மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்" என்ற அறிவுதான் கையைத் தடுக்கிறது.

ஆண்கள் என்ன நினைக்கிறார்கள்?

ஆண்களின் வற்புறுத்தலால்தான் நடக்கிறது என்று பொதுவாக எண்ணுவோம். கினியா, சியரா லியோன், சாட் நாடுகளில் யுனிசெஃப் தொகுத்த கணக்கெடுப்புகளில், நிறுத்த வேண்டும் என்று சொன்ன ஆண்களின் பங்கு பெண்களைவிட அதிகம். இதனால் ஆண்கள் நல்லவர்கள் என்றாகிவிடாது; கற்பு, கட்டுப்பாடு என்ற அந்த எதிர்பார்ப்பை உண்டாக்கியதே ஆணாதிக்கம்தான். ஆனால் இன்றைய நிலையில் கணவன் எதிர்க்கிறான் என்பது மனைவிக்கும் மாமியாருக்கும் தெரியாமலே போகிறது. இது "பெண்கள் விஷயம்" என்று அவனும் கேட்பதில்லை. இளம் தந்தையர் வாய் திறந்து "என் மகளுக்கு வேண்டாம்" என்று சொன்னாலே பல வீடுகளில் பாதி வேலை முடிந்துவிடும்.

இலங்கை முஸ்லிம்களிடையே நடப்பது என்ன?

தமிழ் பேசும் வாசகர்களுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். தமிழ் பேசும் முஸ்லிம்களான இலங்கைச் சோனகர், மற்றும் மலாயர், போரா சமூகங்களில் இது உண்டு. சோனகக் குடும்பங்களில் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளை ஒட்டி, ஒஸ்தா மாமி என்று அழைக்கப்படும் பெண் வீட்டுக்கு வந்து செய்வார். வகை நான்கு அல்லது ஒன்று. கத்னா, சுன்னத்து என்ற பெயர்கள்தான் வழக்கு. பாட்டி ஏற்பாடு செய்வார்; தாய் பெரும்பாலும் அறையில் இருப்பார், அல்லது பார்க்க மனமில்லாமல் வெளியே போய்விடுவார்; தந்தைக்குப் பல வீடுகளில் தெரியவே தெரியாது. வளர்ந்த பிறகுதான் தனக்கும் நடந்தது என்று தெரிந்துகொண்ட பெண்கள் நிறையப் பேர்.

அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இது கடமை என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்திருந்தது. எதிர்த்துப் பேசிய முஸ்லிம் பெண்கள் 2017இல் நாடாளுமன்றக் குழுவின் முன் விஷயத்தைக் கொண்டுபோனார்கள். 2018இல் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை மருத்துவரைக் கட்டுப்படுத்தும். ஒஸ்தா மாமியைக் கட்டுப்படுத்தாது.

இங்கே அறியாமை வேறு விதம். என்ன வெட்டப்படுகிறது என்றே பல தாய்மாருக்குத் தெரியாது. "கொஞ்சம் சுத்தம் செய்வார்கள்" என்ற அளவில்தான் பேச்சு. வெளிப்புற உறுப்பின் படத்தைக் காட்டி, எது தோல் மடிப்பு, எது நுனி, அது எவ்வளவு சிறியது என்று சொன்னாலே சிலர் அதிர்ந்துபோகிறார்கள். தீங்கு தெரிந்தும் செய்கிறார்கள் என்று முன்பு சொன்னது ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொருந்தும். இலங்கையில் அடிப்படை உடலறிவைக் கொடுப்பதே இன்னும் பயனுள்ள வேலை.

இந்தியாவில்?

தாவூதி போரா சமூகத்தில், பெரும்பாலும் மும்பை, குஜராத், மத்தியப் பிரதேசப் பகுதிகளில். சென்னையிலும் இச்சமூகத்தார் வாழ்கிறார்கள். சிறுமியை ஒரு அத்தையோ பாட்டியோ ஐஸ்கிரீம், சினிமா என்று சொல்லி அழைத்துப்போவதாகப் பல பெண்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த வழக்கத்தை எதிர்க்கும் சஹியோ அமைப்பு இணையத்தில் 385 போரா பெண்களிடம் கேட்டதில் 80 சதவீதம் பேருக்கு நடந்திருந்தது. பெரும்பான்மையினர் இது தொடரக் கூடாது என்றார்கள். விரும்பி வந்து பதில் சொன்னவர்களிடம் எடுத்த கணக்கு என்பதால் சமூகம் முழுவதற்கும் இந்த எண்ணைப் பொருத்தக் கூடாது.

தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், இந்தியாவில் இது இருப்பதற்கு அதிகாரபூர்வத் தரவு இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அரசு கணக்கெடுக்கவே இல்லை என்றால் தரவு எங்கிருந்து வரும்? 2018 செப்டம்பரில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 2019 நவம்பரில் சபரிமலை மறுசீராய்வோடு எழுந்த மதச் சுதந்திரக் கேள்விகளோடு இணைக்கப்பட்டது. சிறுமிக்குச் செய்தால் போக்சோ சட்டமும் காயம் விளைவிப்பதற்கான பொதுக் குற்றப் பிரிவுகளும் பொருந்தும் என்பதே மனுதாரர் தரப்பு வாதம்.

ஆஸ்திரேலியாவில் இரண்டு போரா சிறுமியர் தொடர்பான வழக்கில், அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2019 அக்டோபரில், சிறு கீறலும் சட்டத்தின் கீழ் சிதைப்புதான் என்று தீர்ப்பளித்தது.

மருத்துவமனையில், மயக்க மருந்து கொடுத்துச் செய்தால் பாதுகாப்புதானே?

இல்லை. தொற்று குறையலாம், வெட்டப்பட்டது திரும்ப வராது. மயக்கத்தில் குழந்தை அசையாததால் மருத்துவர் இன்னும் ஆழமாக வெட்டிவிடும் வாய்ப்பும் உண்டு. எகிப்தில் இன்று சிறுமிகளுக்குச் செய்வோரில் ஐந்தில் நான்கு பங்கு மருத்துவத் துறையினர். அதற்குப் பிறகும் மரணங்கள் நடந்திருக்கின்றன. இதைவிடப் பெரிய கேடு, வெள்ளைக் கோட்டு போட்டவர் செய்யும்போது "டாக்டரே செய்கிறார், நல்லதுதான்" என்று வழக்கத்துக்கு ஆயுள் கூடுகிறது. இந்தோனேசியாவில் பிரசவக் கட்டணத்தோடு காது குத்துவதையும் இதையும் சேர்த்தே விற்ற மருத்துவமனைகள் இருந்தன. அங்கே 2010இல் சுகாதார அமைச்சு மருத்துவர்களுக்குச் செய்முறை வகுத்தே விதி போட்டது, 2014இல் அதை ரத்து செய்தது, 2024இல்தான் குழந்தைகளுக்குச் செய்வதை ஒழிக்கும்படி அரசாணை வந்தது.

சட்டம் போட்டால் நின்றுவிடுமா?

சட்டம் வேண்டும். சட்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கென்யாவின் மேரு பகுதி சாட்சி. 1956இல் ஆங்கிலேய அதிகாரிகளின் தூண்டுதலில் அங்குள்ள ஆண் மூப்பர் சபை தடை விதித்தது. பெண்களிடம் யாரும் பேசவில்லை. சிறுமிகள் பிளேடு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போய் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள். மூன்றாண்டுகளில் 2,400க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு.

காம்பியாவில் 2015இல் தடை வந்தது. 2023இல் மூன்று பெண்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டதும் எதிர்ப்பு கிளம்பி, தடையை நீக்கும் மசோதாவே நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2024 ஜூலை 15இல் தோற்கடிக்கப்பட்டது. மாறாக புர்கினா ஃபாசோவில் 1996 முதல் சட்டம், தொலைபேசி உதவி, ஊர்ப் பேச்சு, சமயத் தலைவர்கள் எல்லாம் சேர்ந்து நடந்தன. 2010இல் 76 சதவீதமாக இருந்தது 2021இல் 56 ஆனது.

அப்படியானால் எது பலித்திருக்கிறது?

செனகலின் மாலிகுண்டா பம்பாரா கிராமம். டோஸ்டான் என்ற தொண்டு அமைப்பு நடத்திய எழுத்தறிவு, உடல்நலம், உரிமை வகுப்புகளில் படித்த பெண்கள் 1997 ஜூலை 31இல் ஊரறிய விட்டுவிடுவதாக அறிவித்தார்கள். சுற்றுவட்டாரம் கொதித்தது. கேர் சிம்பாரா கிராமத்து இமாம் டெம்பா தியாவாரா அப்போது ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்: நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது பத்து ஊர்களோடு, அந்த ஊர்களெல்லாம் சேராமல் ஓர் ஊர் தனியாக விட முடியாது. அவரே உறவுக் கிராமங்களுக்கு நடந்து போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன.

திருமண உறவு எந்த வட்டத்துக்குள் ஓடுகிறதோ அந்த வட்டம்தான் வேலை செய்ய வேண்டிய அலகு. மாவட்டம், வட்டாரம் என்று அரசு போட்ட எல்லையைப் பிடித்துக்கொண்டால் பாதி உறவினர் வெளியே நின்றுவிடுவார்கள். வெட்டும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் கொடுக்கும் திட்டங்கள் பலவற்றில் அவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டார்கள், கேட்கும் குடும்பங்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டன. தேவையைக் குறைக்காமல் ஆளைக் குறைத்து லாபமில்லை.

கணக்கெடுப்பு நடத்துகிறோம். எப்படிக் கேட்பது?

முதலில், அந்த ஊரில் புழங்கும் பெயரால் கேளுங்கள். "சிதைப்பு" என்று கேட்டால் "எங்களிடம் இல்லை" என்றே பதில் வரும். தனியறையில், மாமியார் காதில் விழாமல், பெண் கேட்க வேண்டும். ஒரே கேள்வியில் முடிக்காதீர்கள்: கேள்விப்பட்டதுண்டா, உங்களுக்கு நடந்ததா, சதை எடுக்கப்பட்டதா, வெறும் கீறலா, தைக்கப்பட்டதா, எந்த வயதில், யார் செய்தார் என்று படிப்படியாக வாருங்கள். பிறகு மகளைப் பற்றி. கருத்துக் கேள்வியில் "தொடர வேண்டுமா, நிற்க வேண்டுமா" என்பதோடு, "உங்கள் ஊரில் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்" என்பதையும் சேருங்கள். இரண்டு பதில்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

தவறு நுழையும் இடங்கள் இரண்டு. கானாவில் 1994இல் சட்டம் வந்தது. வடக்கில் ஒரு பகுதியில் 1995இல் "நடந்தது" என்று சொன்ன பெண்களில் 13 சதவீதம் பேர் 2000இல் மீண்டும் கேட்டபோது இல்லை என்றார்கள். இரண்டாவது, பத்து வயதில் செய்யும் சமூகத்தில் ஆறு வயது மகளை "செய்யப்படாதவர்" கணக்கில் சேர்த்தால் வழக்கம் குறைந்ததுபோலப் பொய்த் தோற்றம் வரும்.

எங்கள் வீட்டில் குழந்தைக்குச் செய்யத் திட்டமிடுகிறார்கள். என்ன செய்வது?

குழந்தை பிறக்கும் முன்பே கணவரோடு பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். நாற்பது நாள் நெருங்கும்போது உங்கள் உடம்பிலும் தெம்பிருக்காது, வீட்டிலும் பாட்டியின் சொல்தான் ஓடும். பாட்டியிடம் சண்டையாகத் தொடங்காமல், அந்தப் பொறுப்பைக் கணவரே ஏற்றுச் சொல்வது நல்லது. இதே முடிவெடுத்த உறவுக்காரத் தாய் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். குழந்தை மருத்துவரை வைத்து "வேண்டாம்" என்று சொல்ல வைக்கலாம். ஏழு வயது வழக்கமுள்ள வீடானால், அந்த வயதில் பிள்ளையைத் தனியாக உறவினரோடு வெளியூர் விடுமுறைக்கு அனுப்பாதீர்கள்.

கைமீறிப் போகும் என்று தோன்றினால் இந்தியாவில் 1098 அல்லது 181, இலங்கையில் 1929 அல்லது 1938 எண்ணில் அழையுங்கள். ஏற்கெனவே நடந்து ரத்தம் நிற்கவில்லையானால், சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குப் போங்கள். சாம்பல், மூலிகை, பவுடர் எதுவும் வைக்காதீர்கள்; ஏற்பு ஜன்னி அந்த வழியாகத்தான் வரும். சில மணி நேரமாகக் குழந்தை சிறுநீர் கழிக்காவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மூன்றாம் வகை செய்யப்பட்ட பெண் கர்ப்பமாக இருந்தால்?

வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ பணிபுரியும் தமிழ் நர்ஸ்களும் மருத்துவர்களும் கேட்கும் கேள்வி இது. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,393 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகைப் பெண்களுக்கு சிசேரியன் 31 சதவீதமும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு 69 சதவீதமும், குழந்தை மரணம் 55 சதவீதமும் இது செய்யப்படாத பெண்களைவிடக் கூடுதலாக இருந்தன.

முதல் வருகையிலேயே எல்லாப் பெண்களிடமும் கேட்பதுபோல இயல்பாகக் கேளுங்கள். மொழிபெயர்க்கக் கணவரையோ உறவினரையோ வைக்காதீர்கள். ஒட்டிய தழும்பைத் திறப்பதைப் பிரசவத்துக்கு முன்போ, வலி தொடங்கிய பிறகோ செய்யலாம். அந்தப் பெண்ணின் விருப்பமும் உங்கள் மருத்துவமனையின் வசதியும் முடிவு செய்யட்டும். மரத்துப்போக ஊசி போட்டு, தழும்புக்கு அடியில் விரலை நுழைத்துப் பாதுகாத்து, நடுக்கோட்டில் மேல்நோக்கி வெட்டி, சிறுநீர்த் துளை தெரிந்ததும் நிறுத்தி, இரு ஓரங்களையும் தனித்தனியாகத் தைப்பார்கள். பிரசவம் முடிந்ததும் "பழையபடி தைத்துவிடுங்கள்" என்று குடும்பம் கேட்கலாம். செய்யக் கூடாது, பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் அது குற்றம். இந்தப் பேச்சைப் பிரசவ மேசைவரை தள்ளாமல் கர்ப்பகாலத்திலேயே தம்பதியர் இருவரோடும் பேசி முடித்துவிடுங்கள். சொட்டுச் சொட்டாகப் போன சிறுநீர் இனி வேகமாகவும் சத்தத்தோடும் போகும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உடம்பில் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து அந்தப் பெண்ணே மீண்டும் தைக்கச் சொல்லுவார்.